அரை மாத்திரை: செவிலியர் ஒருவரின் ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி

அவர் கொண்டுவந்த நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள் அடுத்தடுத்து இருந்தன. "பில் – மாத்திரை. பில் – ரசீது. பில் – நிரப்பு." ஆங்கிலத்தில் இவை மூன்று சொற்கள், முதலெழுத்தே மூன்றிலும் வேறு. நோட்டில் மூன்றும் ஒன்றாகிவிட்டன.

"படிக்கும்போது எது எதுன்னு எனக்குத் தெரியும் சார்," என்றார்.

அவருக்குத் தெரியும்தான். எதிரே உட்கார்ந்து கேட்கும் நோயாளிக்குத் தெரிய வேண்டுமே.

அவர் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாகச் செவிலியர். வயது 31. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி, பிறகு பி.எஸ்சி. நர்சிங். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், வார்டில் எல்லோரும் கூப்பிடுவதுபோல் சிஸ்டர் என்றே எழுதுகிறேன். நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையில் இப்படி ஒன்றிரண்டு பேருக்குச் சொல்லித்தருகிறேன்.

பிரிட்டனில் வேலைக்குப் போக அவர் எழுதியது ஓ.இ.டி. தேர்வு. மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தப்படும் ஆங்கிலத் தேர்வு அது. பேச்சுப் பகுதியில் இரண்டு நாடகம்: தேர்வு எழுதுபவர் செவிலியராகவே இருப்பார், எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். எதிரே நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பதிவு வேறொருவரிடம் போகும், அவர் முகம் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடுவார். மொத்தம் 500. பேசுவதில் 350 எடுக்க வேண்டும் என்பது அவர் விண்ணப்பித்த பிரிட்டிஷ் செவிலியர் பதிவுக்கான நிபந்தனை. அவர் எடுத்தது 330. கேட்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றிலும் தேறிவிட்டார்.

மொழி சார்ந்த அளவுகோல்கள் நான்கு. முதலாவது, பேச்சு கேட்பவருக்கு விளங்குகிறதா என்பது. ஆங்கிலேயர் மாதிரிப் பேசுகிறாரா என்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதை அவருக்கு நம்பவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

முதல் பதிவும் பர்மிங்காம் பாட்டியும்

நானே கேட்டு மதிப்பிடக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தேன். நாற்பது வருடமாகத் தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அவர்கள் எதைச் சொன்னாலும் அதற்கு விளங்கிவிடும். ஆசிரியருக்கு இது வசதி. நோய் கண்டறிய உதவாது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் பர்மிங்காமில் இருக்கிறார். அவருடைய பக்கத்து வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு ஆங்கிலேய மூதாட்டி. சிஸ்டர் வேலைக்குப் போனால் படுக்கையில் இருக்கப்போவது இவரைப் போன்றவர்தான். சிஸ்டரை 40 வாக்கியம் வாசிக்கவைத்துப் பதிவு செய்து அனுப்பினேன். எல்லாம் வார்டில் தினமும் சொல்லக்கூடியவை. பாட்டி ஒருமுறை மட்டும் கேட்டு, காதில் விழுந்ததை எழுத வேண்டும்.

13 வாக்கியங்களில் அவர் எழுதியது வேறு. கணுக்கால் வீக்கம் "கோணம் வீக்கம்" ஆகியிருந்தது. காது வலி, ஏதோ வருடக் கணக்காக. முதுகு வலி, பை வலி. "எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள்" என்பது நடப்பதைப் பற்றிய கேள்வியாக. மாத்திரை, ரசீதாக. 15 மில்லிகிராம், 50 மில்லிகிராமாக.

கடைசியைப் பார்த்ததும் சிஸ்டர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

தமிழ் இலக்கணம் எட்டிப்பார்த்த இடங்கள்

இந்தப் பிழைகள் எதுவும் கவனக்குறைவால் வந்ததல்ல. எல்லாமே விதிப்படி நடந்தவை. விதிதான் வேறு மொழியுடையது.

பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப'வும் இரண்டாவது 'ப'வும் ஒரே எழுத்து, ஆனால் ஒரே ஒலியல்ல. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தொண்டை அதிர ஒலிக்கும்: அம்பு, சங்கு, பந்து. யாரும் கற்றுக்கொடுக்காமலே தமிழ்க் குழந்தைக்கு இது வந்துவிடும். அதே குழந்தை வளர்ந்து ஆங்கிலத்தில் மாமாவை 'அங்கிள்' என்கிறது, காய்ச்சலை 'டெம்பரேச்சர்' என்கிறது, எளிது என்பதை 'சிம்பிள்' என்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடங்களில் ககரமும் பகரமும் அதிரக் கூடாது. கணுக்காலுக்கும் கோணத்துக்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடு கிட்டத்தட்ட இது ஒன்றுதான். நம் வாயில் இரண்டும் 'ஆங்கிள்'.

அடுத்தது சொல்லின் கடைசி. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. காசு, நாடு, பாக்கு என்று ஓர் உகரம் வந்து ஏந்திக்கொள்ளும். முழு உகரமாக இல்லாமல் குற்றியலுகரமாக, அரை மாத்திரையில். ஆங்கிலச் சொல் வந்தாலும் நாக்கு அதையே செய்கிறது: பெட்டு, பிளட்டு, பேக்கு. சேர்ந்தது ஓர் உகரம் மட்டுமானால் பெரிய சேதம் இல்லை. உகரம் ஏறியதும் முன்னிருக்கும் வல்லினம் இரட்டிக்கிறது, இரட்டித்த வல்லினம் தமிழில் அதிராது. படுக்கை பந்தயமாகிறது, பையும் முதுகும் ஒன்றாகிவிடுகின்றன. பாட்டி பையை எழுதியதில் வியப்பில்லை, இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்திருக்கிறார்.

முதுகில் இன்னொரு கோளாறும் உண்டு. அந்தச் சொல்லின் உயிரொலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. 'ஏ' போடுகிறோம், சில சொற்களில் 'ஆ' போடுகிறோம். 'ஸ்னாக்ஸ்' 'ஸ்னேக்ஸ்' ஆகி, தின்பண்டம் பாம்பாகிற பழைய வகுப்பறைச் சிரிப்பு இதனால்தான்.

சொல்லின் முதலில் வரும் வல்லினத்தில் வேறு சிக்கல். ஆங்கிலத்தில் ப, ட, க மூன்றும் அழுத்தமான அசையின் தொடக்கத்தில் ஒரு மூச்சு வெடிப்போடு வரும். தமிழில் அந்த மூச்சு கிடையாது. மூச்சில்லாத வல்லினத்தைக் கேட்கும் ஆங்கிலக் காது அதை அதிரும் ஒலியாகவே எடுத்துக்கொள்கிறது. மாத்திரை ரசீதான கதை இது.

காது–வருடம் குழப்பம் எளிது: காது 'இயர்', வருடம் 'யியர்'. இகரத்திலும் எகரத்திலும் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் நாம் அறியாமலே ஒரு யகரத்தை ஒட்டிவிடுகிறோம். வேலை–நடை குழப்பமோ என்னையும் ஏமாற்றியது. வேலைக்கான சொல்லைச் சிஸ்டர் 'வொர்க்' என்றார், எனக்கு அதில் குறையே தெரியவில்லை. ஆங்கிலேயர் நடப்பதைச் சொல்லும்போது நாம் சொல்லும் 'வாக்' அல்ல அவர்கள் சொல்வது, ஏறக்குறைய 'வோக்'. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மெய்க்கு முன் ரகரம் கேட்காது. ஆகவே சிஸ்டரின் வேலை அங்கே போய் நடையாகிவிட்டது.

இனி பதினைந்தும் ஐம்பதும். இதற்குக் காரணம் அழுத்தம் என்று எல்லாப் பாடப் புத்தகமும் சொல்லும். பதினைந்தில் இரண்டாவது அசை ஓங்கும், ஐம்பதில் முதல் அசை. நானும் அப்படித்தான் முதலில் எண்ணினேன். ஆனால் பதிவைப் பத்துமுறை கேட்டபோது, அழுத்தம் ஓரளவு சரியாகவே இருந்தது. தொலைந்தது னகரம். பேச்சுத் தமிழில் சொல்லின் இறுதி னகரமும் மகரமும் முழுதாக ஒலிப்பதில்லை. 'நான் வரேன்' என்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? உதடோ நாக்கோ எங்கும் தொடாது, உயிரொலி மூக்கால் போய்விடும். சிஸ்டரின் 'ஃபிஃப்டீன்' அதேபோல் மூக்கில் கரைந்திருந்தது. தமிழ்க் காதுக்கு அதில் னகரம் இருக்கிறது. பாட்டிக்கு இல்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சம் அநாகரிகமானது என்று இப்போது தோன்றுகிறது.

நான் வீணாக்கிய மூன்று வாரம்

இத்தனையும் கண்டுபிடிப்பதற்கு முன்பே நான் பாடத்தைத் தொடங்கியிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, நாக்கை மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவில் நீட்டச் சொல்லி, நன்றி சொல்லும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலியைப் பழக்கினேன். நாக்குப் பிறழும் வாக்கியங்கள் வேறு. என் ஆசிரியர்கள் எனக்குச் செய்ததையே செய்தேன்.

பாட்டியின் பட்டியலில் அந்த ஒலியால் வந்த தவறு ஒன்றுகூட இல்லை. தமிழ்த் தகரம் பல்லில் படுவதால் அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பேச்சில் வெளிநாட்டுச் சாயல் பலமாக இருப்பதும் பேச்சு விளங்காமல் போவதும் ஒன்றல்ல என்று கனடாவில் மன்றோ, டெர்விங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995-லேயே காட்டியிருக்கிறார்கள். அவர்கள் ஆய்வில், வெளிநாட்டுச் சாயல் மிகுதி என்று கேட்பவர்களே குறித்த பேச்சை அதே ஆட்கள் பிசகில்லாமல் எழுதியிருந்தார்கள். நான் இதைப் படித்திருக்கிறேன், வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். கண்ணாடியைக் கையில் எடுக்கும்போது மறந்துவிட்டேன்.

இன்னொரு தவறு, "மெதுவா பேசுங்க" என்று சொன்னது. மெதுவாகப் பேசியதும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் உகரம் உட்கார இடம் கிடைத்துவிட்டது. "யுவர் பெட்டு இஸ் ரெடி" என்று, தபால்காரர் தந்தி வாசிப்பதுபோல்.

மூன்றாவதில் பாதிப் பழி சிஸ்டருக்கும் உண்டு. கீழுதட்டை மேல்பல்லால் தொட்டு 'ஃ' போட்ட பகரம் சொல்லப் பழகினார். அது பிடித்துப்போய் எல்லா இடத்திலும் வர ஆரம்பித்தது. நோயாளி 'ஃபேஷன்ட்' ஆனார், வலி 'ஃபெயின்' ஆனது. இரண்டு வாரம் வார்டு முழுவதும் ஃபேஷன்ட். சக செவிலியர்கள், "என்ன சிஸ்டர், பீட்டர் பலமா இருக்கு" என்று கேட்க, அவர் என்னிடம் வந்து இனி வீட்டிலேயே பேசிக்கொள்கிறேன் என்றார்.

இந்த 'பீட்டர் விடுவது' என்ற ஒரு தொடர் தமிழ்நாட்டில் எத்தனை பேர் வாயை மூடியிருக்கிறது என்று யாராவது ஆராயலாம். தப்பாகப் பேசினால் சிரிப்பு, சரியாகப் பேசினால் பீட்டர். வளர்ந்தவர்கள் வாய்விட்டுப் பழக இடமே இல்லை. சிஸ்டர் கடைசியில் கண்டுபிடித்த இடம், மருத்துவமனையில் போர்வைகள் அடுக்கும் அறை. துணி சத்தத்தை விழுங்கிவிடும். வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியில் ஹெல்மெட்டுக்குள்ளும் பேசிக்கொண்டு போனார்.

பயிற்சி

நான்காம் வாரம் புதிதாகத் தொடங்கினோம். பட்டியலில் ஐந்தே விஷயம்: இறுதி உகரம், மெல்லினத்துக்குப் பின் அதிரும் வல்லினம், முதல் வல்லினத்தின் மூச்சு, இறுதி னகரம், சொல்லழுத்தம். முதுகின் உயிரொலி ஆறாவதாக நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. மற்றதெல்லாம் கிடக்கட்டும் என்று விட்டோம்.

முதல் வேலை நோட்டை மூடியது. தமிழ் எழுத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதக் கூடாது என்றேன். இதற்குத்தான் அவர் அதிகம் எதிர்ப்புத் தெரிவித்தார். பள்ளியிலிருந்து அப்படித்தான் படித்திருக்கிறார், எல்லோரும் அப்படித்தான். ஆனால் 'ஆங்கிள்' என்று எழுதிவைத்த பிறகு, காது எதைக் கேட்டாலும் கண் அந்த எழுத்தைத்தான் காட்டும். (இந்தக் கட்டுரையை எழுதும்போது நானும் அதே சிறையில்தான் இருக்கிறேன், பில் என்றால் எந்தப் பில் என்று சொல்ல வழியில்லாமல்.) நோட்டுக்குப் பதில் போனில் ஒலிப்பதிவு. ஒரு சொல்லுக்கு ஒரு பதிவு.

பேசுவதற்கு முன்னால் கேட்பது. கணுக்கால்–கோணம், மாத்திரை–ரசீது, பை–முதுகு என்று இணைகளாக ஒலிகளைச் சேர்த்தோம். ஒரே குரலில் வேண்டாம் என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் தெருவில் ஏழு பேரைப் பிடித்துவிட்டார், அதில் ஒருவர் பஸ் ஓட்டுநர், ஒருத்தி பள்ளிச் சிறுமி. ரகர லகர வேறுபாடு கேட்காத ஜப்பானியர்களைப் பல குரல்களில் கேட்கவைத்துப் பழக்கிய ஆய்வுகள் 1990-களில் வந்தன. 1997-ல் வெளியான ஒன்றில், வாயைத் திறக்காமல் கேட்க மட்டும் பழகியவர்களுக்கு உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது. சிஸ்டருக்கு முதல் வாரம் கணுக்கால்–கோணம் வெறும் பூவா தலையாதான். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், "சார், ஒண்ணு சட்டுன்னு வெட்டிக்குது, இன்னொண்ணு இழுத்துக்கிட்டுப் போகுது" என்றார். அதற்குப் பிறகு அந்த இணையைத் திரும்பக் கொடுக்கத் தேவைப்படவில்லை.

அதிர்வுக்கு அவருடைய கருவியையே எடுத்தோம். ஸ்டெதஸ்கோப்பைத் தொண்டையில் வைத்து 'அம்பு' சொன்னால் இரைச்சல் அறுபடாமல் ஓடும். 'சிம்பிள்' என்பதை ஆங்கிலேயர்போல் சொன்னால் நடுவில் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கும். அந்த ஒரு கண மௌனத்தைத் தேடி அவர் ஒரு மாலை முழுவதும் தன் தொண்டையைத் தானே பரிசோதித்துக்கொண்டிருந்தார். என் மனைவி காப்பி கொண்டுவந்தவள், "என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றாள்.

மூச்சுக்கு நாள்காட்டித் தாள். கிழித்த தாளை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு மாத்திரைக்கான சொல்லைச் சொன்னால் தாள் துள்ள வேண்டும், ரசீதுக்குச் சொன்னால் அசையக் கூடாது. இது இரண்டே நாளில் வந்துவிட்டது. வாக்கியத்துக்குள் வர ஏழு வாரம் ஆனது.

முதுகின் உயிரொலிக்கு நான் சொன்ன விளக்கம், ஏகாரம் சொல்லத் தொடங்கித் தாடையை மட்டும் ஆகாரத்துக்கு இறக்குவது. அவர் கொஞ்சம் யோசித்து, "ஆட்டுக்குட்டி கத்துற மாதிரியா சார்?" என்றார். அதேதான். என் விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. பைக்கும் முதுகுக்கும் இடையே இன்னொரு அடையாளமும் உண்டு: அதிரும் மெய்க்கு முன் உயிரொலி நீளும், அதிராததற்கு முன் குறுகும். பை நீளம், முதுகு குட்டை. கடைசி மெய் மங்கினாலும் இந்த நீளம் காப்பாற்றிவிடும்.

பர்மிங்காம் நண்பரின் குரல்பதிவுகளில் இன்னொன்று கிடைத்தது. அவர் காற்று என்னும்போது ற்ற நுனிநாக்கால் பல்லுக்குச் சற்று மேலே தட்டி வரும். நாம் 'காத்து' என்று தப்பிவிடுகிறோம். ஆங்கில டகரம் பிறக்கும் இடம் அதுதான். நாம் சொல்லும் ட நாக்கை மடித்து வருவது. டொராண்டோவை ஈழத் தமிழர் ரொறன்ரோ என்று எழுதுவதை வேடிக்கையாகப் பார்ப்பவர்கள் உண்டு. காது சரியாக வேலை செய்ததன் அடையாளம் அது. சிஸ்டருக்கு இது அவசியமில்லை, பட்டியலிலும் இல்லை. ஆனால் அவருக்குப் பிடித்திருந்ததால் பழகிக்கொண்டார்.

அழுத்தமும் அந்த அரை மாத்திரையும்

அதிக நேரம் தின்றது சொல்லழுத்தம்தான். இந்திய ஆங்கிலம் வெளியாருக்கு எவ்வளவு விளங்குகிறது என்பது பற்றி ஆர். கே. பன்சால் செய்த ஆய்வு 1969-ல் ஐதராபாத்தில் வெளியானது. விளங்காமல் போவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லழுத்தம் பிசகுவதை அவர் அப்போதே சுட்டியிருக்கிறார்.

மருத்துவமனைச் சொற்களில் சிக்கல் கூடுதல். அவையெல்லாம் தமிழுக்கு எப்போதோ வந்து குடியேறி, தமிழ் நடைக்கு மாறிவிட்டன. நாம் அலர்ஜி என்னும்போது 'லர்' ஓங்குகிறது. ஆங்கிலத்தில் முதலசை ஓங்கும். 'கத்தீட்டர்' என்று எல்லா வார்டிலும் சொல்கிறார்கள், அங்கும் முதலசைதான் ஓங்க வேண்டும், நடுவில் நெடிலே இல்லை. தெர்மாமீட்டரை நாம் இரண்டு சொல்லாக உடைக்கிறோம். ஆங்கிலேயர் 'மா'வில் ஏறி, 'மீட்'டைக் குறுக்கிவிடுவார்கள். ஒன்பது வருடம் தினமும் சொன்ன சொல்லை மாற்றுவது, புதுச் சொல் கற்பதைவிடக் கடினம். அதுவும் பகலில் வார்டில் பழையபடி சொல்லியாக வேண்டும். இங்கே 'கத்தீட்டர்' என்றால்தான் ஆயாவுக்கு விளங்கும்.

ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டி ஓங்கும் அசையில் இழுக்கும் பயிற்சி பலர் செய்வது. இவருக்கு அது பாதிதான் உதவியது. ஓங்க வேண்டிய அசையை ஓங்கினார், மற்ற அசைகளையும் விட்டுக்கொடுக்காமல் முழுசாகச் சொன்னார். தமிழில் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. எந்த அசையும் தன் பங்கை வாங்காமல் போகாது. ஆங்கிலத்தில் ஓங்காத அசை பட்டினி. உயிரொலி நிறமே இழந்து, ஒரு சின்ன முனகலாகிவிடும். ஹாஸ்பிட்டல் என்பதில் 'ஹாஸ்' தவிர மற்ற இரண்டும் அப்படித்தான்.

அந்த முனகலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பல உவமை சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒருநாள் அவரிடம், "காசுன்னு சொல்லுங்க. அந்தக் கடைசி உ எவ்வளவு?" என்றேன்.

"அரை மாத்திரை சார். குற்றியலுகரம். ஒன்பதாங்கிளாஸ்ல படிச்சது."

"அதை உங்க கடைசி எழுத்துலேருந்து பிடுங்குங்க. பிடுங்கி சொல்லுக்கு நடுவுல நட்டு வைங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அலர்ஜி, ஹாஸ்பிட்டல், கத்தீட்டர் மூன்றையும் வரிசையாகச் சொன்னார். ஓங்காத அசைகளில் குற்றியலுகரம் போன்ற ஒலி, கடைசியில் உகரம் இல்லை. மூன்றும் சரி. "அரை மாத்திரைதானா சார் இவ்வளவு நாளா," என்றார். நர்ஸ் வாயில் அதைக் கேட்டபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் குவிக்காமல் சொல்லும் நம் குற்றியலுகரமும் ஆங்கில முனகலும் ஒலியியல்படி ஒன்றே அல்ல. பக்கத்து வீடு. கேட்பவருக்கு அது போதும்.

பதினைந்து, ஐம்பதுக்கு மட்டும் உச்சரிப்பை நம்பி விடவில்லை. னகரத்தில் நாக்கை மேலே ஒட்டி அரை நொடி வைத்திருக்கப் பழகினார், நன்றாகவே வந்தது. ஆனால் ஆங்கிலத்திலேயே ஒரு தந்திரம் இருக்கிறது: பதினைந்துக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் அழுத்தம் முதலசைக்கு நழுவிவிடும். அதாவது பிறந்தது முதல் ஆங்கிலம் பேசுபவர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். மருந்தளவைச் சொல்லும்போது எண்ணைச் சொல்லிவிட்டு இலக்கங்களையும் தனித்தனியே, ஒன்று–ஐந்து, ஐந்து–சுழியம் என்று சொல்வதும், கேட்டவர் திருப்பிச் சொல்வதும் மருந்துப் பாதுகாப்பில் வழக்கமான நடைமுறை. சிஸ்டருக்கு அது முன்பே தெரியும். தெரிந்ததை நாடகத்திலும் செய்யச் சொன்னேன்.

தினமும் இருபது நிமிடம்தான். இரவுப் பணி உள்ள வாரத்தில் அதுவும் இல்லை. வாரக்கடைசியில் கூகுள் குரல் தட்டச்சில் ஒரு சோதனை: இந்திய ஆங்கிலம் என்று வைத்துப் பேசினால் அது பெரும்பாலும் சரியாக எழுதிவிடும், என் காதைப் போல. பிரிட்டிஷ் ஆங்கிலம் என்று மாற்றினால் தாட்சண்யம் பார்க்காது. அவர் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்.

பதினான்காம் வாரம்

புதிதாக 40 வாக்கியம் எழுதி, அதே பாட்டிக்கு அனுப்பினோம். பழைய வாக்கியங்கள் நினைவிருக்கலாம் என்பதால் மாற்றினேன், சிக்கலான ஒலிகள் அதே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இந்தமுறை நான்கு பிழை. அதில் இரண்டு வேலை–நடை போன்ற உயிரொலிக் குழப்பம், நாங்கள் தொடாதது. தொட்டிருக்கலாம், அது என் கணக்குப் பிசகு. ஒன்று, பாட்டி தும்மியதால் கேட்கவில்லை என்று நண்பர் சத்தியம் செய்கிறார். எண்கள் எல்லாம் சரி.

ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு காது. பாட்டிக்கும் சிஸ்டரின் குரல் இதற்குள் பழகியிருக்கும். இதைவைத்து முறை வென்றது என்று சொல்ல மாட்டேன். பதினான்கு வாரத்தில் தேர்வு நாடகங்களையும் நிறையப் பழகினார், தயக்கம் போயிருந்தது. அதன் பங்கைப் பிரித்தெடுக்க வழியில்லை. இரண்டாவது தேர்வில் பேச்சுக்கு 360 வந்தது.

களைத்தால் உகரம் திரும்பிவிடும் என்பதைத் தொடக்கத்திலிருந்தே கவனித்திருந்தோம். பணி முடிந்து நேராக வரும் நாட்களில் பதிவு முழுவதும் பெட்டும் பிளட்டும்தான். அதற்கு நான் எந்த மருந்தும் கண்டுபிடிக்கவில்லை.

அங்கே போய் ஒரு மாதம் கழித்து ஒரு குரல்பதிவு அனுப்பினார். "நான் பேசுறது அவங்களுக்குப் புரியுது சார். அவங்க பேசுறதுதான் எனக்குப் புரியல." 'ஒரு பென்னி செலவழிக்க வேண்டும்' என்று ஒரு வயதான பெண்மணி அவசரமாகச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் மேஜையிலிருந்த அவருடைய பணப்பையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை அப்படிச் சொல்லும். நடந்ததை எனக்காக ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லிக் காட்டினார். பென்னியில் மூச்சு அழகாக வெடித்தது, கேட்டுக்கொண்டே நாள்காட்டித் தாளை நினைத்துக்கொண்டேன். இரவுப் பணி முடிந்து பேசியிருப்பார் போல. கடைசியில் வந்தது பர்ஸு, பெட்டு.